முதல்நூல் எது?

பஞ்ச காலத்தில் உணவைத் தேடி அலைவது ஒரு துன்பம். விருந்தில், எதை உண்பது எதை விடுப்பது என அறியாமல் இலையின்முன் திகைத்திருப்பது மற்றொரு துன்பம். கல்விக்கும் இவ்விரு துன்பங்கள் உண்டு. இரண்டு தலைமுறைகளுக்கு முன் தோட்டப்புறத்தில் வளர்ந்த மாணவனுக்கு ஒரு நூல் கிடைப்பதே அரிதாக இருந்தது. கிடைத்த நூலை அவன் ஐயமின்றி ஏற்றான். அட்டை கிழிந்து தாள் உதிரும் வரை படித்தான். இன்றைய மாணவனுக்கோ நூல்கள் மழையெனப் பொழிகின்றன. கைப்பேசியைத் தொட்டவுடன் நூறு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பாடம் சொல்ல வந்து நிற்கின்றனர். தேடும் துன்பம் நீங்கிற்று. தேரும் துன்பம் வந்து சேர்ந்தது.

கிள்ளானைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் 2025ஆம் ஆண்டில் இந்த இரண்டாம் துன்பத்தில் அகப்பட்டிருந்தான். அகவை இருபத்து நான்கு. தகவல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா பெற்றவன். கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் ஒப்பந்த ஊழியனாக இருந்தான். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதிய சொல் அமைத்துத் தருவதும், அச்சுப் பொறியில் சிக்கிய தாளை எடுத்துக் கொடுப்பதுமே அவனுடைய நாட்பணி. ஆண்டு முடிவில் ஒப்பந்தம் முடிந்துவிடும். சி.சி.என்.ஏ. சான்றிதழ் பெற்றால் வலையமைப்புப் பிரிவில் நிலையான பணிக்குப் பரிந்துரைக்கலாம் என்று மேலாளர் கூறியிருந்தார். தந்தை இல்லை. தாய் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பின்புறம் ஒரு தையற்கடையில் இரவிக்கை தைத்துக் கொண்டிருந்தார். தங்கை அவ்வாண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுத இருந்தாள். அந்த வீட்டின் அடுத்த ஆண்டு எவ்வாறு அமையும் என்பது அச்சான்றிதழைப் பொறுத்திருந்தது.

சி.சி.என்.ஏ. என்பது, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளைச் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் சான்றிதழ். தேர்வு 120 நிமிடம். ஒரு கேள்விக்கு விடை தந்து அடுத்ததற்குச் சென்றுவிட்டால், முன்னதற்கு மீண்டும் திரும்ப இயலாது. தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதை நிறுவனம் வெளியிடுவதில்லை. கட்டணம் 300 அமெரிக்க டாலர். ரிங்கிட் கணக்கில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். மலேசியாவில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட் என்பதை எண்ணினால், அக்கட்டணத்தின் பாரம் விளங்கும். தோற்றவன் ஐந்து நாள் காத்திருந்து மீண்டும் எழுதலாம். ஆயினும் முழுக் கட்டணத்தையும் மீண்டும் செலுத்த வேண்டும். தாய் தைத்துச் சேர்த்த பணம் ஒரு முறைக்குத்தான் போதுமானதாக இருந்தது.

அவன் நாள்தோறும் கிள்ளானில் கொமூட்டர் இரயிலேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்திற்குப் பின் கே.எல். சென்ட்ரலில் இறங்குவான். அங்கிருந்து வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின்னர், மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. அச்செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. உடலுழைப்பை நம்பி வந்த தமிழகத்துத் தொழிலாளர்களும், ஆங்கிலக் கல்வியை நம்பி வந்த யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் அங்கே வாழ்ந்தனர். ஒரு தேர்வில் பெற்ற தேர்ச்சி ஒரு குடும்பத்தைக் கடல் கடத்திக் குடியமர்த்தும் ஆற்றல் உடையது என்பதை அந்த மண் நெடுங்காலமாக அறியும். இரயில்வேயின் பழைய களம் இருந்த இடத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பெற்றது. 1996இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் கோரிடார் திட்டத்தால் தகவல் தொழில்நுட்பப் பணிகள் அவ்வட்டாரத்தில் பெருகின. பாட்டனார் காலத்துச் சான்றிதழ் வேறு, பேரன் காலத்துச் சான்றிதழ் வேறு. ஆயினும் சான்றிதழை நோக்கிய ஏக்கம் ஒன்றே.

ஏக்கம் மிகுந்த இளைஞன் கண்ணிற்பட்டவற்றையெல்லாம் திரட்டினான். நண்பர் ஒருவர் தந்த பழைய தடித்த நூல் ஒன்று. பணம் கொடுத்து வாங்கிய காணொளிப் பாடங்கள் இரண்டு. இலவசக் காணொளி வரிசைகள் நான்கு. கைப்பேசியில் வினாத்தொகுப்புச் செயலிகள் மூன்று. ஒருவர் நடையில் அலுப்புத் தோன்றினால் மற்றொருவரிடம் செல்வான். அங்கும் முதற்பாடமே முதலில் வரும். இவ்வாறு மூன்று மாதங்களில் முதற்பாடத்தை ஆறு முறை கேட்டுவிட்டான். பத்தாம் பாடத்தை ஒரு முறையும் கேட்டானில்லை. தேர்வு நாளுக்கு இரண்டு வாரமே எஞ்சியிருந்தது. அந்நிலையில், உண்மைத் தேர்வில் வந்த கேள்விகள் எனச் சொல்லி ஒருவர் ஐம்பது ரிங்கிட்டுக்கு விற்ற கோப்பு ஒன்றும் அவன் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தமிழ்ப்பள்ளியில் தனக்கு ஆறாம் ஆண்டில் கற்பித்த ஆசிரியரைக் காண அவன் சென்றான். அவர் பணி ஓய்வு பெற்றுக் கிள்ளானிலேயே வாழ்ந்து வந்தார். நலம் கேட்டபின், படிப்பைப் பற்றிய பேச்சு எழுந்தது. இளைஞன் தான் திரட்டியவற்றையெல்லாம் வரிசையாகச் சொன்னான். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இவற்றுள் முதல்நூல் எது, தம்பி?”

“முதலில் வாங்கியதைக் கேட்கிறீர்களா, ஐயா?”

“இல்லை. மற்றவையெல்லாம் எதைப் பார்த்து எழுந்தனவோ, அதைக் கேட்கிறேன்.”

அவனால் விடை கூற இயலவில்லை. ஆசிரியர் எழுந்து சென்று அலமாரியிலிருந்து நன்னூலை எடுத்து வந்தார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூறும் நூலாக மட்டும் கருதுவோர் பலர். எழுத்தைத் தொடங்குமுன் அதில் ஒரு பாயிரம் உண்டு. நூல் எத்தகையது, கற்பிப்பவன் எத்தகையவன், கற்பிக்கும் முறை யாது, கற்பவன் எத்தகையவன், கற்கும் முறை யாது என ஐந்து பொருளை அது வரிசைப்படுத்திக் கூறுகிறது. எந்தக் கல்விக்கும் முன்னர்க் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் அவை. கணினி வலையமைப்பைப் பற்றி ஆசிரியர் ஒன்றும் அறியார். ஆயினும் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் அறிந்திருந்தார்.

முதற்கேள்வி நூலைப் பற்றியது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூலை மூவகையாகப் பகுப்பது தமிழ் மரபு. பிறநூலைச் சாராது தானே தோன்றியது முதல்நூல். அதன் பொருளை ஏற்று, வேண்டிய வேறுபாட்டோடு வருவது வழிநூல். சிறுபான்மை ஒத்துப் பெரிதும் வேறுபட்டுச் செல்வது சார்புநூல். சான்றிதழ்த் தேர்வுக்கும் இப்பகுப்பு பொருந்துகிறது. தேர்வில் எவையெவை கேட்கப்படும் என்னும் பாடப்பொருட் பட்டியலைத் தேர்வு நடத்தும் நிறுவனமே வெளியிடுகிறது. அது சில பக்கமே உடையது; விலையின்றிக் கிடைப்பது. அதுவே முதல்நூல். அப்பட்டியலைப் பின்பற்றி எழுந்த பாடநூல்களும் காணொளி வரிசைகளும் வழிநூல்கள். வினாத்தொகுப்புகளும் குறிப்பு அட்டைகளும் சார்புநூல்கள். இளைஞன் பத்துப் பொருள்களைத் திரட்டியிருந்தான். அச்சில பக்கங்களை மட்டும் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

அன்றிரவு அப்பட்டியலைப் படித்தான். ஆறு பிரிவுகள் இருந்தன. வலையமைப்பின் அடிப்படைகள் நூற்றுக்கு 20. வலையமைப்பினுள் கருவிகளை இணைத்தல் 20. ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு வழி காணுதல் 25. இணையச் சேவைகள் 10. பாதுகாப்பு அடிப்படைகள் 15. தானியக்கமும் நிரலாக்கமும் 10. அவன் ஆறு முறை கேட்ட முதற்பாடம் முதற்பிரிவின் ஒரு சிறு மூலையே. மிகுந்த மதிப்பெண் பெறும் வழி காணும் பிரிவில் அவன் கால் வைக்கவே இல்லை.

நண்பர் தந்த தடித்த நூலையும் பட்டியலோடு ஒப்பிட்டான். அது 2020ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் சிஸ்கோ தன் தேர்வு முறையைத் திருத்தியமைத்தது. இரண்டு தாள்களாகவும் எழுதக்கூடியதாக இருந்த சி.சி.என்.ஏ. அன்று முதல் 200-301 என்னும் எண்ணுடைய ஒரே தேர்வாயிற்று. பழைய பாடத்தில் இருந்த இ.ஐ.ஜி.ஆர்.பி. என்னும் வழிகாட்டு நெறிமுறை புதிய பட்டியலில் இல்லை, ஓ.எஸ்.பி.எப். என்னும் நெறிமுறை உண்டு. இளைஞன் ஒரு வாரத்து இரயிற்பயணம் முழுவதையும் இ.ஐ.ஜி.ஆர்.பி.யைக் கற்பதில் செலவிட்டிருந்தான். அறிவு என்ற அளவில் அது வீணன்று. இரண்டு வாரமே எஞ்சிய ஒருவனுக்கு வீண்தான். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் பட்டியல் மீண்டும் திருத்தம் பெற்றுச் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய சில பொருள்களும் சேர்ந்தன. ஆகவே, நூலின் அட்டையில் அச்சிட்ட தேர்வு எண்ணும் பதிப்பாண்டும் அதன் தடிமனைக் காட்டிலும் முதன்மையானவை. கூற வேண்டியதைக் குறைத்துக் கூறலையும், வேண்டாததை மிகுத்துக் கூறலையும், எடுத்த பொருளை விடுத்து மற்றொன்று விரித்தலையும் நூற்குற்றங்கள் என நன்னூல் எண்ணுகிறது. பழம்பதிப்பு எழுதப்பட்ட நாளில் குற்றமற்றதாக இருந்திருக்கலாம். முதல்நூல் மாறியபின் அதே நூல் அக்குற்றங்கள் மூன்றையும் உடையதாகிவிடுகிறது.

இரண்டாம் கேள்வி ஆசிரியனைப் பற்றியது. ஆசிரியர் ஆகாதவர்க்கு நன்னூல் நான்கு உவமைகள் கூறுகிறது. கழற்காய் பெய்த குடம், காய்களை இட்ட முறையிலன்றி மாற்றி மாற்றி வெளியே தள்ளும். கற்ற முறையில் கற்பிக்காதவன் அதற்கு ஒப்பாவான். மட்டை செறிந்த பனை, ஏறிப் பறிப்பார்க்கு இடம் தராது தானே வீழ்த்தியதையே தரும். பருத்தி அடைத்த குடுக்கை, சிறிது சிறிதாக ஏற்றுச் சிறிது சிறிதாகவே ஈயும். முடத்தெங்கோ, நீர் ஊற்றி வளர்த்தவன் ஒருவனாக இருக்க அயலான் முற்றத்தில் காயை உதிர்க்கும்.

இவ்வுவமைகளைக் கேட்ட இளைஞன் சிரித்தான். அவனுடைய காணொளி ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் அவற்றுள் ஓர் இடம் இருந்தது. ஒருவர், கேட்பவர் ஆர்வத்தை ஈர்க்கும் பொருட்டு மூன்றாம் பாடத்தை முதலில் சொன்னார்: கழற்குடம். மற்றொருவர் எட்டு மணி நேரம் பேசியும் ஒரு கட்டளையையும் செய்து காட்டவில்லை: பருத்திக் குடுக்கை. ஆயினும் தகுதியுடையோரும் உண்டு. வெண்டல் ஓடம் எழுதிச் சிஸ்கோ பிரஸ் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட வழிகாட்டி நூல், இயலின் தொடக்கத்திலேயே சில கேள்விகளை வைத்து, இப்பொருள் உனக்கு முன்பே தெரியுமா எனக் கற்பவனைச் சோதிக்கிறது. தெரிந்தவன் விரைந்து கடக்கலாம். தெரியாதவன் நின்று கற்கலாம். ஜெரமியின் ஐ.டி. லேப் என்னும் இலவசக் காணொளி வரிசை, பாடங்களை நாள்வாரியாகப் பகுத்து, அவற்றோடு செய்முறைப் பயிற்சிகளையும் நினைவு அட்டைகளையும் தருகிறது. இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்காடலில் மாணவர்கள் வாரக்கணக்கைச் செலவிடுகின்றனர். நூலைப் படித்துக் கற்பவனுக்கு நூல் சிறந்தது. கேட்டுக் கற்பவனுக்குக் காணொளி சிறந்தது. ஒன்றைப் பற்றி அதை இறுதிவரை விடாதிருத்தலே இரண்டிலும் சிறந்தது. ஏனையவற்றை ஐயம் எழுந்த இடத்தில் மட்டும் திறந்து பார்த்தல் போதும்.

இளைஞன் தேர்வு நாளை ஆறு வாரம் தள்ளி வைத்தான். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்னரே கேட்டுக்கொண்டால் நாளை மாற்ற இடமுண்டு. ஒரு காணொளி வரிசையும், ஐயம் தீர்க்க வழிகாட்டி நூலும் என இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றைக் கைப்பேசியிலிருந்து நீக்கினான். ஐம்பது ரிங்கிட்டுக்கு வாங்கிய கோப்பை மட்டும் நீக்க மனம் வரவில்லை. அதைப் பற்றி ஆசிரியரிடம் அவன் சொல்லவும் இல்லை. மூன்றாம் முறை சந்தித்தபோதுதான், வெட்கத்தோடு, சொன்னான்.

ஆசிரியர் சினந்தாரில்லை. “அதிலுள்ள விடைகள் சரியானவை என்று உனக்கு எவ்வாறு தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வி அவனுடனேயே வீடுவரை வந்தது. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி 1997ஆம் ஆண்டு தொடங்கிய கல்வித் திட்டம். அதில் பதிந்துகொள்வோர்க்குப் பேக்கெட் டிரேசர் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ரௌட்டரையும் சுவிட்சையும் விலைகொடுத்து வாங்க இயலாதவன், அவற்றைத் திரையிலேயே இணைத்து, கட்டளை இட்டு, என்ன நிகழ்கிறது எனக் காணலாம். கோப்பிலிருந்த கேள்வி ஒன்றை எடுத்துக் கொண்டான். ஒரு முகவரிக்குச் செல்ல ரௌட்டருக்கு இரண்டு வழிகள் தெரியும். ஒன்று மனிதன் எழுதி வைத்த வழி. அது அகன்ற வட்டாரம் ஒன்றைச் சுட்டுகிறது. மற்றொன்று ஓ.எஸ்.பி.எப். கற்றுத் தந்த வழி. அது அவ்வட்டாரத்துள் ஒரு சிறு பகுதியைச் சுட்டுகிறது. அம்முகவரி இரண்டிலும் அடங்கும். ரௌட்டர் எவ்வழியைக் கொள்ளும்? மனிதன் எழுதிய வழிக்கே நம்பகத்தன்மை மிகுதி, ஆகவே அதுவே என்றது கோப்பு. அவன் திரையில் அமைத்துப் பார்த்தான். தகவற்பொதி ஓ.எஸ்.பி.எப். காட்டிய வழியிலேயே சென்றது. ஒரே பரப்பைச் சுட்டும் இரு வழிகளுக்கு இடையில்தான் நம்பகத்தன்மை ஒப்பிடப்படும். பரப்பு வேறுபட்டால் முகவரியை மிக நெருங்கிச் சுட்டும் வழியே வெல்லும். கடிதத்தில் கிள்ளான் என்று மட்டும் எழுதியவரைக் காட்டிலும், தெருவின் பெயரையும் எழுதியவர் தெளிவாக வழி சொல்கிறார் அன்றோ?

கோப்பின் விடை பிழை. அது அவனுக்குத் தந்த அதிர்ச்சி சிறிது. அதைத் தொடர்ந்து எழுந்த எண்ணமே பெரிது. விடை சரியா பிழையா என அறிய வேண்டுமானால் பொருளைக் கற்றிருக்க வேண்டும். பொருளைக் கற்றவனுக்குக் கோப்பு தேவையில்லை. கல்லாதவனுக்கோ அது வழிகாட்டாது. அவ்வாறாயின் அது யாருக்காக விற்கப்படுகிறது? அறிவை விரும்புவோர்க்கன்று, அச்சத்தில் இருப்போர்க்கே. மேலும், கேள்விகளை வெளியிடுவதும் அவ்வாறு வெளிவந்தவற்றைப் பயன்படுத்துவதும் தேர்வெழுதுவோர் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு மாறானவை. கண்டறியப்பட்டால் பெற்ற சான்றிதழும் பறிபோகும். தாயின் தையற்பணத்தை அத்தகைய பிடிமானத்தில் வைப்பது எவ்வகையில் தகும்?

நன்னூலின் நான்காம் பொருளாகிய கற்பவன் இயல்பு இங்கேதான் தெளிவாகிறது. தலை மாணாக்கர்க்கு அன்னமும் பசுவும், இடை மாணாக்கர்க்கு மண்ணும் கிளியும், கடை மாணாக்கர்க்கு ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் அங்கே உவமைகள். அன்னம் நீரை விடுத்துப் பாலைக் கொள்ளும் என்பர். நூலைத் தேர்பவனுக்கு வேண்டிய முதற்பண்பு அது. பசு கிடைத்த புல்லை மேய்ந்து, பின் ஓரிடத்தில் இருந்து அசைபோடும். கற்றதை மீண்டும் எண்ணுபவனின் பண்பு அது. ஆடு ஒரு செடியில் ஒரு வாயும் மறுசெடியில் ஒரு வாயுமாக மேய்ந்து எதிலும் வயிறு நிறையாது. முதல் மூன்று மாதங்களில் அவ்விளைஞன் ஆடாக இருந்தான். விற்பனைக் கோப்பை மனப்பாடம் செய்திருந்தால் கிளியாகக்கூட ஆகியிருக்க மாட்டான். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரியாக ஆகியிருப்பான்.

மூன்றாம் பொருளாகிய கற்பிக்கும் முறையும் ஐந்தாம் பொருளாகிய கற்கும் முறையும் ஓரிடத்தில் வந்து இணைகின்றன. ஆசிரியன் சொன்னதை முழுதும் கருத்தூன்றிக் கேட்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும் என்கிறது நன்னூல். உடன் கற்போரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. இது பழமை போற்றுவோர் கூறும் வெறும் புகழ்ச்சியன்று. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்களாகிய ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மறுசாரார் படித்தபின் நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டனர். ஆகவே, படித்துக்கொண்டிருக்கும்போது தெரிந்ததுபோல் தோன்றுவது தெரிந்ததற்குச் சான்றாகாது. வெளியே எடுத்துச் சொல்லும்போதே உள்ளே இருப்பதன் அளவு விளங்கும்.

இளைஞனுக்கு உடன் கற்போர் இல்லை. அக்குறையை ஆசிரியரே நிரப்பினார். ஞாயிறுதோறும் ஒரு பொருளைத் தமக்கு விளக்கிச் சொல்லுமாறு பணித்தார். முகவரித் தொகுதியைச் சிறு பிரிவுகளாகப் பகுக்கும் சப்நெட் முறையை ஒரு நாள் அவன் விளக்கினான். 256 முகவரிகளை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு பிரிவிலும் 64; அவற்றுள் கணினிகளுக்கு வழங்கத்தக்கவை 62 என்று சரளமாகச் சொன்னான்.

“எஞ்சிய இரண்டும் எங்கே போயின?” என்றார் ஆசிரியர்.

“முதலையும் கடையையும் விட்டுவிட வேண்டும், ஐயா. அதுதான் விதி.”

“விதியைக் கேட்கவில்லை, தம்பி. காரணத்தைக் கேட்டேன்.”

அவன் நின்றுவிட்டான். வாய்பாடு தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வந்து சொன்னான்: “ஒரு பிரிவைத் தெருவாக வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. முதல் எண் தெருவின் பெயர். அதை ஒரு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. கடைசி எண் தெருவிலுள்ள எல்லாரையும் ஒருங்கே அழைக்கும் குரல். அதையும் ஒரு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே 64இல் இரண்டு போக 62 வீடுகள்.” ஆசிரியர் தலையசைத்தார். அன்று அவர் சப்நெட்டைக் கற்றுக்கொண்டார் என்பது ஒன்று. அவன் கற்றுக்கொண்டான் என்பது மற்றொன்று.

ஆறு வாரமும் அவன் வாழ்க்கை ஓர் ஒழுங்கில் சென்றது. காலை இரயிலில் ஒரு காணொளி. மாலை இரயிலில் காலைப் பாடத்தைப் பாராமல் ஒரு தாளில் எழுதுதல். இரவில் பேக்கெட் டிரேசரில் ஒரு செய்முறை. சனிக்கிழமைகளில் ஷா ஆலமிலுள்ள ராஜா துன் உடா நூலகத்தில் அமர்ந்து, முதல்நூற் பட்டியலில் கற்ற பொருளுக்கு எதிரே ஓர் அடையாளம் இடுவான். படித்தேன் என்பதற்கு அவ்வடையாளம் அன்று. நூலைப் பாராது விளக்க முடிந்தது என்பதற்கே. வினாத்தொகுப்புகளைக் கடைசி இரண்டு வாரத்தில்தான் திறந்தான். தவறிய கேள்வி ஒவ்வொன்றையும் பட்டியலின் எந்த வரியைச் சார்ந்தது எனக் கண்டு, அவ்வரியின் அடையாளத்தை அழித்து மீண்டும் கற்றான். அப்பொழுது சார்புநூல் தன் இடத்தில் நின்று பயன் தந்தது. ஐம்பது ரிங்கிட்டுக் கோப்பு எந்நாளில் நீக்கப்பட்டது என்பது அவனுக்கே நினைவில்லை.

தேர்வில் அவன் தேர்ச்சி பெற்றான். இரண்டு கேள்விகள் முற்றிலும் தெரியாதவையாக இருந்தன. திரும்பிப் பார்க்க வழியில்லாமையால் மனத்தைத் தேற்றி முன்னே சென்றான். தாயிடம் செய்தி சொன்னபோது அவர் தையற்பொறியை நிறுத்தாமலே, “இனி இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லையே?” என்று கேட்டார். மூன்று ஆண்டில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை அவன் அன்று சொல்லவில்லை. வேலை நிலையாவதற்கு மேலும் சில திங்கள் ஆயின.

சில நாள் கழித்து, அண்டை வீட்டுப் பையன் அவனிடம் வந்து, “அண்ணே, எந்தப் புத்தகத்தைப் படித்துத் தேர்ச்சி பெற்றீர்கள்? அதையே நானும் வாங்கிவிடுகிறேன்” என்றான். தேர்வுக்குப் படிக்கும் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி அது. அவனும் ஒரு காலத்தில் அதையே பத்துப் பேரிடம் கேட்டவன். நூலின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அடையாளங்களும் அழிப்புகளும் நிறைந்த தன் பழைய பட்டியலையோ நூலின் பெயரையோ அவன் தரவில்லை. நடப்பிலுள்ள பாடப்பொருட் பட்டியலைப் புதிதாக அச்சிட்டு, ஓர் அடையாளமும் இல்லாத அத்தாள்களைப் பையனின் கையில் கொடுத்தான்.

“முதலில் இதைப் படி, தம்பி. இதில் உனக்குத் தெரியாதது எது என்று பார்த்து வந்து சொல். புத்தகத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.”

ஞாயிற்றுக்கிழமை மாலை பையன் வந்தான். தாளில் ஏழு இடங்களில் கோடிட்டிருந்தான்.